எட்டு ஆட்டமும் ஒரு வெள்ளைக் கோடும்

"நான் பெத்த பிள்ளையே பந்தோட ஓடி வந்தாலும் சரி, கோட்டைத் தாண்டினா தாண்டினதுதான். கொடியைத் தூக்காம விட்டேன்னா என்னை மனுஷன்னு கூப்பிடாதீங்க!"

கல்லூரி உணவகத்தில், ஆறிப்போன தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு சுண்ணாம்பண்ணன் இந்தச் சபதத்தைச் செய்தபோது கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் சேதி அன்று மாலைக்குள் வீடு வரை போய்விட்டது.

"நமக்கு இருக்கிறது ரெண்டும் பொண்ணு," என்றாள் மனைவி. "ஒருத்தி பல் டாக்டர்கிட்ட சீட்டு எழுதுறா. இன்னொருத்திக்குப் பஸ் ஏறினாலே வாந்தி. இதுல யாரு பந்தோட ஓடி வரப்போறாங்கன்னு இந்தச் சவடால்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி."

"பேச்சுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

சுண்ணாம்பண்ணன் அந்தக் கல்லூரியின் மைதானக்காரர். புல் வெட்டுவார், தண்ணீர் விடுவார், கோல் வலையில் ஓட்டை விழுந்தால் தைப்பார். ஆனால் அவர் பிறவி எடுத்தது கோடு போடத்தான். ஆட்டத்துக்கு முந்தின நாள் முளை அடித்து, கயிறு கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, சுண்ணாம்புத் தூள் வண்டியை மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார். இருபத்துமூன்று வருடத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு மிச்சம். காயாத கோட்டில் யாராவது காலை வைத்தால், தன் படுக்கையில் செருப்போடு ஏறியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கல்லூரிகளுக்கான அந்த லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. தலைமை நடுவர் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். பக்கவாட்டுக் கோடுகளில் கொடி பிடிக்க ஆளுக்கு ஒருவரை இரண்டு கல்லூரிகளும் தர வேண்டும். தந்த ஆள் தன் கல்லூரிக்குச் சாதகமாகக் கண்ணைச் சிமிட்டுவான் என்பது எழுதாத விதி. சுண்ணாம்பண்ணன் மட்டும் அந்த விதியைப் படிக்காதவர். அவர் கொடியோடு நிற்பதைப் பார்த்தால் வருகிற அணிக்காரர்களே நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

இப்போது, இந்த வருட ஆட்டங்களின் புண்ணிய கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் ஆட்டத்துக்குப் புது ஜெர்சி வந்தது. கல்லூரியின் தாளாளர் மனமுவந்து அளித்தது. அதன் முன்பக்கம் முழுக்க அவருடைய சிரித்த முகம். பின்பக்கமும் அதே முகம், பக்கவாட்டுத் தோற்றத்தில். எண் போட இடமில்லாததால் இடுப்போரம் தபால்தலை அளவில் ஒதுக்கியிருந்தார்கள். நடுவருக்கு எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரிய, தவறு செய்தவன் நின்றிருக்க, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடி, முன்னும் பின்னுமாக இருபது தாளாளர் முகங்களையும் சேற்றில் புரட்டித் தோற்றார்கள்.

இரண்டாவது ஆட்டம் வெளியூரில். கல்லூரிப் பேருந்து தாளாளரின் புது பங்களாவுக்குத் தரைக்கல் ஏற்றப் போயிருந்தது. பையன்கள் காய்கறி வண்டியில் முட்டைக்கோசு மேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது, எதிரணி ஆடாமலே ஜெயித்து, குளித்து, தலையும் வாரியிருந்தது. மூன்றாவது ஆட்டத்திலும் தோல்வி. அதற்குக் காரணம் எதிரணி நன்றாக ஆடியது. இதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

நான்காவது ஆட்டம் சொந்த மைதானத்தில். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். அணியின் கேப்டன், கழுத்து நீளத்தால் ஒட்டகம் என்று பெயர் வாங்கியவன், ஓரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போய் உள்ளே அனுப்ப, கோல்! மைதானமே எழுந்து நின்றது. சுண்ணாம்பண்ணன் கொடியும் எழுந்து நின்றது. பந்து ஒரு விரல்கடை வெளியே போயிருந்ததாம். கோல் ரத்து. வந்த வெற்றி சமனாகச் சுருங்கியது.

ஒட்டகம் நேராக வந்தான். "அண்ணே, நீங்க எந்தக் காலேஜ்ணே?"

"நான் கோட்டுக் காலேஜ்."

"ஒரு விரல் அண்ணே! ஒரே ஒரு விரல்!"

"விரலும் வெளிய, முழமும் வெளிய. போய் ஆடு."

பையன் ஆடப் போனான். அவன் நடையைப் பார்த்தால், தோற்றுப்போன ஒட்டகங்கள் எல்லாம் அப்படித்தான் நடக்கும் என்று தோன்றியது.

இதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. கல்லூரிக்கு வெள்ளி விழா. தாளாளர் நின்று பேச மைதானத்தின் நடுவில் மேடை, பந்தல், கம்பங்கள். விழா மூன்று மணி நேரம்; அதில் இரண்டே முக்கால் மணி தாளாளர் பேச்சு. பந்தலைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் கம்பங்களை எடுத்துப் போனார்கள், குழிகளை விட்டுப் போனார்கள். நாற்பத்திரண்டு குழி. சுண்ணாம்பண்ணன் எண்ணினார், பிறகு தாளாளர் அறைக்குப் போனார்.

அந்த அறையின் தரைவிரிப்பில் கால் வைக்கவே அவருக்குக் கூசியது. வாசலோரம் நின்றபடியே பேசினார்.

"ஐயா, மைதானத்துல குழிங்க இருக்கு. ரெண்டு லோடு மண்ணு அடிச்சா..."

"குழியா? எங்க?"

"மேடை போட்ட இடத்துல, ஐயா. பசங்க கால் மாட்டும்."

தாளாளர் பேனாவை மூடினார். "மாடு கூடப் பள்ளத்தைப் பார்த்துத்தான்யா நடக்குது. பார்த்து ஓடத் தெரியாதவனுக்கு என்ன ஃபுட்பால்?"

சுண்ணாம்பண்ணன் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "சரிங்கய்யா," என்று வேறு சொல்லிவிட்டு வந்தார்.

வெட்டிய புல்லையும் தோட்டத்து மண்ணையும் கூடையில் அள்ளி அவரே இருபது குழியை அடைத்தார். இருபத்தொன்றாவது குழியில், ஐந்தாவது ஆட்டத்தின் பத்தாவது நிமிடத்தில், தடுப்பாட்டக்காரன் ஒருவனின் கணுக்கால் திரும்பியது. அந்தச் சத்தம் கோட்டில் நின்றவருக்குக் கேட்டது. அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த இரண்டும் போச்சு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அணி பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது.

உடனே அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று தொடங்கியது. கூடத்தைக் கோணலாக்கியவரே இந்தப் பழமொழியைச் சொல்லும் துணிச்சலுக்கு ஏதாவது கோப்பை உண்டென்றால் அது அந்த வருடம் நம் கல்லூரிக்கே வந்திருக்கும். சாரம் இதுதான்: எட்டாவது ஆட்டத்தை ஜெயிக்காவிட்டால் அணி கலைக்கப்படும். மைதானம் கார்கள் நிறுத்தும் இடமாக மேம்படுத்தப்படும். கோடு போட அங்கேயும் வேலை உண்டு என்பதால் மைதானக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை என்று கருணையோடு ஒரு வரி.

அந்த வரியைச் சுண்ணாம்பண்ணன் நான்கு முறை படித்தார்.

வீட்டில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து குதித்தார். "காருக்குக் கோடு போடணுமாம்! நானு! அநியாயம் இல்ல? பையன் கால் உடைஞ்சு கிடக்கிறான், இவரு பழமொழி எழுதுறாரு. பஸ்ஸை எடுத்தது யாரு? குழி தோண்டினது யாரு?"

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அதெப்படி அவர்கிட்ட..."

"குழியை மூடச் சொல்லிப் போனீங்களே, என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"சரிங்கய்யான்னுதானே?" மனைவி குழம்பை ஊற்றினாள். "அந்த ஒட்டகப் பிள்ளை விரல்கடை தாண்டினதுக்குக் கொடியைத் தூக்கினீங்க. இந்த மனுஷன் ஊரையே தாண்டிட்டுப் போறாரு, உங்க கை எங்க போச்சு? இளைச்சவன் மேலதான் உங்க நியாயம் எல்லாம் ஏறுது."

"நீ வாயை மூடு."

"மூடியாச்சு. சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. இத்தனை வருடத்தில் அவரை யாரும் இப்படி அவுட் ஆக்கியதில்லை.

எட்டாவது ஆட்டம். மாலை வெயில் கோல் கம்பத்தின் நிழலைப் பாதி மைதானம் வரை இழுத்திருந்தது. மீதிக் குழிகளையும் பையன்களே காலையில் மூடியிருந்தார்கள். வந்த அணியின் பயிற்சியாளர் சுண்ணாம்பண்ணன் தோளில் தட்டினார். "நீங்க இருக்கீங்கல்ல, அப்ப அந்தக் கோட்டைப் பத்திக் கவலை இல்ல."

நிழலில் போட்ட நாற்காலியில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவர், கையில் சுருட்டிய வரைபடம். ஆட்டம் நடக்கும்போதே இருவரும் பெனால்ட்டி கட்டத்தைச் சுட்டிக்காட்டி, எத்தனை கார் நிற்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். பையன்கள் ஓடவில்லை, உடம்பை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போது ஒட்டகத்தின் காலுக்குப் பந்து வந்தது. சுண்ணாம்பண்ணன் நின்ற ஓரமாகவே தட்டிக்கொண்டு வந்தான். ஒருவனைக் கடந்தான். இரண்டாமவனைக் கடக்கப் பந்தைச் சற்று நீளமாகத் தள்ளிவிட்டான்.

பந்து கோட்டின் மேல் உருண்டிருந்தால் சுண்ணாம்பு புகைந்திருக்கும். புகையவில்லை. பந்து முழுசாக, நிதானமாக, ஒரு கை அகலம் வெளியே போனது. சுண்ணாம்பண்ணனின் செருப்புக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை.

ஒட்டகம் காலை நீட்டிப் பந்தை உள்ளே இழுத்தான். இழுத்தவன் ஒரு கணம் தயங்கினான். அந்தக் கொடிக்குப் பழகியவன், அது எழும் என்று அவன் கால்களுக்கே தெரியும். எழவில்லை. அவன் ஓடினான்.

"வெளிய! அண்ணே, வெளிய போச்சு!" எதிரணித் தடுப்பாட்டக்காரன் கையைத் தூக்கிக் கத்தினான். "உங்க காலடியிலதானே போச்சு! பார்க்கலையா அண்ணே?"

நடுவர் விசிலை உதட்டில் வைத்தபடி இந்தப் பக்கம் திரும்பினார். அவர் கேட்டுக்கொண்டு நின்றது ஒரே ஒரு கையை.

சுண்ணாம்பண்ணன் கொடியைப் பார்த்தார். அதன் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது. குனிந்து அதை நகத்தால் கிள்ளப் பார்த்தார். கோல் பக்கத்திலிருந்து பெரிய கூச்சல் எழுந்து மைதானத்தைச் சுற்றி வந்தது. நூல் வரவில்லை. பல்லில் கடித்து இழுத்தார்.