கதவுக்குள் ஒன்றுமில்லை

இந்த நாட்டில் பொலிஸ் மறித்தால் காரைவிட்டு இறங்கக் கூடாதாம். நோர்வேயின் பேர்கனுக்கு வந்து இத்தனை வருடங்கள் போன பிறகு, சென்ற செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் பொலிஸ் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். நான் இறங்கி நான்கு கதவுகளையும் திறந்தேன். டிக்கியைத் தூக்கினேன், பொனட்டையும் தூக்கினேன். பிறகு இரண்டு கையும் தெரியும்படி ஒதுங்கி நின்றேன். மழை சீற்றுகளில் பெய்துகொண்டிருந்தது. "கார் பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பிறகு ஏன் திறந்தீர்கள்?" "நீங்கள் பார்ப்பதற்கு." "எதைப் பார்க்க?" அவர் கையில் இருந்தது, குடித்திருக்கிறேனா என்று ஊதிப் பார்க்கும் சின்னக் கருவி மட்டுந்தான். ஆனால் அதன் பிறகு அவர் உண்மையாகவே குனிந்து டிக்கிக்குள் பார்த்தார். கேட்காமலே திறந்து காட்டுகிறவனை இங்கே ஒருமாதிரித்தான் பார்க்கிறார்கள்.

சிறிய ஹட்ச்பேக் காரில் பின்கண்ணாடிக்குக் கீழே டிக்கியை மூடியபடி ஒரு தட்டு வரும். இங்கே அதற்கு ஹத்தஹில்லெ, அதாவது தொப்பித் தட்டு என்று பெயர். கார் வாங்கிய அன்றே அதைக் கழற்றி நிலவறையில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஆர்னே வருடத்துக்கு ஒரு தடவையாவது நினைவூட்டுவார். "தட்டைப் போடுங்கள், உள்ளே இருப்பதைக் கள்ளர் பார்த்துவிடுவார்கள்." பார்க்கட்டும் என்றுதான் கழற்றினேன் என்று சொன்னால் சிரிக்கிறார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்.

தட்டைக் கழற்றச் சொல்லித் தந்தவர் முத்துவேல் பாஸ்; இலங்கையில் மெக்கானிக்கைப் பாஸ் என்போம். மஹய்யாவவில் அவர் சிறிய கராஜ் வைத்திருந்தார். நான் அப்போது கண்டியில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞர். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் ஒரு பழைய ஜப்பான் ஹட்ச்பேக்கும் வைத்திருந்த ஆள். இவை இரண்டும் ஒருவனிடம் சேர்ந்திருந்தால் அந்த யுத்த நாட்களில் சோதனைச்சாவடியில் என்ன நடக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கலஹாப் பக்கம் தோட்டத்து வீதிகளில் அடி இடிக்கிறது, பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் உயர்த்தித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "பின்பக்கம் ஒசந்திருந்தா சாமான் ஏத்தப் போறான்னு நெனப்பாங்க. தாழ்ந்திருந்தா ஏத்திட்டான்னு நெனப்பாங்க. கம்பெனி குடுத்த ஒசரத்துலயே இருக்கட்டும் ஐயா." சாமான் என்று அவர் சொன்னது குண்டை.

மற்றவர்கள் காருக்கு எதையாவது பூட்டி அழகு பார்ப்பார்கள். முத்துவேல் என் காரிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார். கறுப்புக் கண்ணாடித் தாளை உரித்தார், சீற்று உறைகளைக் கழற்றினார். கதவின் உட்பலகையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளை எடுத்துவிட்டு ஆறு திருகாணிகள் போட்டார். கிளிப் என்றால் ஆமிக்காரன் கத்தியால் நெம்புவான், பலகை உடையும். திருகாணி என்றால் நாமே கழற்றிக் காட்டலாம். அதற்கென்று டாஷ்போர்டில் ஒரு ஸ்க்ரூட்ரைவர் வைத்தார். இந்த ஊர்க் காரிலும் அதேமாதிரித்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்றையும் அவரிடம்தான் படித்தேன், இதை எல்லோரும் செய்யலாம்: கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய இரண்டு மூன்று துளைகள் இருக்கும். கண்டியில் இலைச்சருகும் இங்கே உப்பும் மண்ணும் அவற்றை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை குத்திவிட்டால் கதவு துருப்பிடிக்காது. அவர் ஈர்க்கால் குத்துவார், நான் பின்னல் ஊசியால் குத்துகிறேன்.

முத்துவேலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கதவைத் திறந்து வேலை செய்தாலும், பலகையை மூடமுதல் கார்க்காரரைக் கூப்பிட்டு டோர்ச் அடித்துக் காட்டுவார். "பாத்துக்கங்க ஐயா, உள்ள ஒண்ணுமில்ல." ஒருநாள் கண்ணாடி இறக்கும் கைப்பிடியை அவர் திருத்தியபோது நான் அவசரத்தில் இருந்தேன். பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்தக் கதவுக்குள் டக் டக் என்று சத்தம் கேட்கத் தொடங்கியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆறு திருகாணி, ஐந்து நிமிடம். எனக்குப் பயம். உள்ளே என்ன இருக்கும், யார் வைத்தார்கள், ஏன் அன்றைக்கு நான் பார்க்காததை அவர் பெரிதாக எடுக்கவில்லை என்று மூன்று நாள் யோசித்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மலையகத்தவர் என்பதும் அந்த யோசனையில் இருந்தது. அவர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கும் குணம் யாழ்ப்பாணத்து எங்கள் ஆட்களிடம் உண்டு. என்னிடமும் இருந்தது.

நான்காம் நாள் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் கதவை அடித்துச் சாத்தினான். டக் என்றது. அவன் திரும்பிப் பார்த்தான். உள்ளே என்ன என்று கேட்டான். தெரியாது என்றேன். "கவுத ஹெதுவே?" திருத்தியது யார் என்று சிங்களத்தில் கேட்கிறான். அவன் கேட்டு முடிக்கமுதல் முத்துவேலின் பெயரையும், மஹய்யாவவில் எந்த ஒழுங்கை என்பதையும் சொல்லிவிட்டேன். ஜீப் ஒன்று அங்கே புறப்பட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் திருகாணிகளைக் கழற்றச் சொன்னார்கள்.

உள்ளே கிடந்தது நான் கோடு போடும் ஆறு அங்குல இரும்பு அடிமட்டம். முனையில் என் பெயரின் முதலெழுத்தை நானே கீறியிருந்தேன். நான்கைந்து நாளாக அலுவலகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி இடுக்கில் செருகிவைத்தது வழுக்கி உள்ளே விழுந்திருக்கிறது. ஆமிக்காரர்கள் சிரித்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். ஜீப்பைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் காலை முத்துவேலின் மனைவி பாக்கியம் என் வீட்டு வாசலில் நின்றார். "எங்க வீட்டுக்காரர புடிச்சிட்டுப் போயிட்டாங்க ஐயா. யாரோ பேரச் சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க சிங்களம் நல்லா பேசுவீங்க, கவுருமெண்டு உத்தியோகம். ஒருக்கா வந்து சொல்லுங்க." "வாறன், நீங்கள் அழாதையுங்கோ" என்றேன். போனேன். நல்ல மனிதர், எனக்குத் தெரிந்தவர், சத்தம் போட்டது என்னுடைய அடிமட்டந்தான் என்று பொலிஸில் எழுதிக் கொடுத்தேன். ஆளை உறுதிப்படுத்த அவர்கள் கேட்ட பிறப்புப் பத்திரம் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் கிடந்தது. அது வந்து சேர்ந்து அவரை விடப் பதினொரு நாளானது. பாக்கியம் எனக்கு ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பினார். அதைச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, போகாமல் விட்டால் சந்தேகம் வருமே என்று, காரைக் கொண்டுபோனேன். முத்துவேலின் இடதுகை விரல்கள் இரண்டு மடங்கவில்லை. கேட்காமலே நான்கு கதவுகளின் பலகைகளையும் கழற்றினார். "வாங்க ஐயா. நல்லா பாருங்க." பார்த்தேன். ஒரு கொப்பியை நீட்டினார். "பாத்தேன், உள்ள ஒண்ணுமில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"பாஸ், அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"பாக்கியத்துக்குத் தெரியாது ஐயா. தெரிய வேணாம். அது ஒங்கள பெரிய மனுசன்னு நெனச்சிருக்கு. எழுதுங்க."

எழுதினேன். அன்றிலிருந்து அவருடைய கராஜுக்கு வரும் எல்லோரும் அந்தக் கொப்பியில் எழுத வேண்டும் என்றானது. நாட்டைவிட்டு வரும்வரை நானும் ஒவ்வொரு தடவையும் எழுதினேன். டோர்ச் அடித்துக் காட்டுவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார். டோர்ச்சை என் கையில் தந்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பார்.

இந்த வெள்ளிக்கிழமை இங்குள்ள கராஜில் கதவுக் கண்ணாடியின் மோட்டாரை மாற்றினார்கள். பலகையை மூடமுதல் பார்க்க வேண்டும் என்றேன். மெக்கானிக்கின் முகம் இறுகியது. வேலைக்கு இரண்டு வருட உத்தரவாதம் உண்டு என்றார். உங்களை நம்பாமல் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அது முழு உண்மையில்லை. குனிந்து பார்த்தேன். சேவைப் புத்தகத்தில் அவர் கையெழுத்திட்ட இடத்துக்குக் கீழே, "பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை" என்று தமிழில் எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அது என்ன என்று கேட்டார். உங்களுக்காக எழுதியது என்றேன்.

"எனக்கு அது தேவையில்லையே" என்றார்.

உண்மைதான், அவருக்குத் தேவையில்லை. புத்தகத்தை டாஷ்போர்டில் ஸ்க்ரூட்ரைவருக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்பட்டேன்.