அக்கா வளர்த்த சுகர்

என் அக்காவைப் போலப் பொய் சொல்ல இனி ஒருத்தி பிறந்துதான் வரவேண்டும். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது, குரல் பிசிறாது. ஹோட்டல் லாண்டரியில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பொய்யையும் அப்படியே மடிப்புக் கலையாமல் எடுத்து வைப்பாள்.

கல்யாணமான புதிதில் ஒரு விசேஷ வீட்டில் மாமா, அதாவது அவள் புருஷன், மூக்குமுட்டக் குடித்துவிட்டு எல்லார் முன்னாலும் சரிந்து விழுந்தார். "சுகர் இறங்கிடுச்சு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றாள் அக்கா. அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தச் சுகர். அதற்குப் பிறகு நாக்கு குழறினால் சுகர், வேலைக்குப் போகாவிட்டால் சுகர். தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் மாமாவுக்குச் சர்க்கரை போடாத டீதான். அதை விழுங்கும்போது அவர் முகம் போகிற கோலத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருக்கும்.

"எத்தனை நாளைக்குக்கா மூடி மறைப்பே?" என்று கேட்டால், "உனக்கென்னடி, பேசிட்டுப் போயிடுவே. இந்தத் தெருவுல நான் தலை நிமிந்து நடக்க வேணாமா?" என்பாள்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரர், அதையும் சொல்லத்தான் வேண்டும். போன வாரம் மேலே நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் கை நடுங்கி ஸ்பேனரை நழுவவிட்டார். கீழே லிஃப்ட் குழியில் குனிந்து நின்ற கூட்டாளியின் தோளை உரசிக்கொண்டு அது விழுந்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் மண்டை பிளந்திருக்கும். அந்த மனுஷன் அண்ணாந்து பார்த்தாராம், அவ்வளவுதான்.

அன்றைக்கு மாமா வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதார். "என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போ. எனக்கே பயமா இருக்கு." குடிக்காத வாயால் அவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பயம் தெளிவதற்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று நான் அலையாய் அலைந்தேன்.

மருந்துக் கடையில் இருக்கும் என் தோழி ஒரு நம்பர் கொடுத்தாள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாராவாரம் கூடுகிற இடம். "போர்டு எதுவும் இருக்காதும்மா" என்றார் போனில் பேசியவர். "மூணாவது மாடி, கடைசி ரூம். கதவு தொறந்தே இருக்கும். அவரா ஏறி வரட்டும், இழுத்துட்டு மட்டும் வராதீங்க."

சாயங்காலம் மூன்று பேரும் அந்தக் கட்டட வாசலில் சேர்ந்தோம். மாமா சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டிருந்தார். லிஃப்ட்டைப் பார்த்ததும், "இதை எவன் பாத்துக்கறான்னு எனக்குத் தெரியும். உசுரு முக்கியம், படியிலயே போலாம்" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! "நீங்க ஏறுங்க, நான் ஸ்கூட்டரை நிறுத்திட்டு வர்றேன்" என்றேன்.

பாவி, ஸ்கூட்டரை நடுத்தெருவில் போட்டுவிட்டுக் கூடவே ஏறியிருக்கலாம்.

மூன்றாவது மாடியில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் டீக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். "போன் பண்ணது நீங்கதானே? அவருக்கு வாசப்பக்கமா ஒரு சேர் போட்டிருக்கேன். முதல் நாள் எல்லாருமே ஓடறதுக்குத் தோதா அங்கதான் உக்காந்தோம்" என்று சிரித்தார். அந்த நாற்காலியில் ஆள் இல்லை. வந்த படியிலேயே திரும்பி இறங்கினேன்.

இரண்டாவது மாடியில்தான் கண்டுபிடித்தேன். அங்கே கொட்டை எழுத்தில் போர்டு: சர்க்கரை நோயாளிகள் சந்திப்பு. முன்வரிசையில் மாமா, அக்கா, பக்கத்தில் எதிர்வீட்டு டீச்சர். படியில் பார்த்த டீச்சர், "அட, நீங்களும் இதுக்குத்தானா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா "ஆமா டீச்சர்" என்றுவிட்டாள்.

வாசலில் நின்று கையை ஆட்டினேன். அக்கா கண்ணாலேயே என்னை அதட்டினாள். உள்ளே போய் மாமாவை இழுத்து வந்திருப்பேன். இழுத்துட்டு வராதீங்க என்று போனில் பேசியவர் சொன்னது காலைக் கட்டியது.

நர்ஸ் மாமாவின் விரலில் குத்திப் பார்த்தாள். "ஐயா, உங்களுக்கு சுகர் ஏறவே இல்லையே!"

மாமா அக்காவைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "அது வந்து சிஸ்டர்... எனக்கு உண்மையில..." சொல்லிவிடு மாமா, சொல்லித் தொலை என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அக்கா முந்திக்கொண்டாள். "எல்லாம் கட்டுப்பாடுதான் சிஸ்டர். மனுஷன் வாயைக் கட்டிட்டார்."

"ஆமா, எங்க வீட்டு டீயைக்கூட சர்க்கரை இல்லாமத்தான் குடிப்பார்! ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று டீச்சர் கை தட்டினார். அறை மொத்தமும் தட்டியது. ஸ்பேனர் விழுந்த நாளிலிருந்து குனிந்தே கிடந்த மாமாவின் தலை மெல்ல நிமிர்ந்தது.

வெளியே வந்ததும், "மாமா, மேல காத்துட்டிருக்காங்க. இன்னும் ஒரே ஒரு மாடி" என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும்மா. எனக்கு இப்ப என்ன வந்துடுச்சு? பாத்தேல்ல, எல்லாரும் என்ன சொன்னாங்கன்னு." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீ என் மானத்தைக் காப்பாத்திட்டே."

கீழே இறங்கியதும், "நீங்க போயிட்டே இருங்க, வந்துடறேன்" என்று தெருமுனைப் பக்கம் நடந்தார். அங்கே என்ன கடை இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"அக்கா! ஓடிப்போய் நிறுத்தேன்!"

அவள் அசையவில்லை. கைப்பையின் வாரைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலை இல்ல" என்றாள். "சுகர் இறங்கியிருக்கும். எதாவது வாங்கிக் குடிக்கப் போறாரு."

என்னிடமே சொன்னாள், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்.