காவல் இறங்கும் நேரம்

இல்லை, தூக்கத்தில் போகவில்லை. அடக்கத்தன்று உங்களில் பலர் அப்படித்தான் கேட்டீர்கள். ஆறுதலுக்காக. ரெஜினா விழித்துத்தான் இருந்தாள். சிறு வயதிலேயே பழுதான இதய வால்வு. படுத்தால் மூச்சு முட்டும். சில மாதங்களாகவே உட்கார்ந்தபடிதான் கண்ணயர்வாள். வார்டிலிருந்து செய்தி வந்தபோது நான் சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவளுடையவற்றையும் சேர்த்து.

வேலூர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. அவள் ஆராய்ந்தது கார்டிசால் என்னும் ஹார்மோன். ஆபத்து என்று மூளை ஆணையிட்டால் அது ரத்தத்தில் ஏறும். ஆபத்தில்லாத நாளிலும் அதற்கொரு ஒழுங்கு உண்டு. மாலையில் இறங்கும், விடியுமுன் ஏறும். அவள் அதைக் காவல்காரன் என்பாள்.

தூக்கம் வரவில்லை என்று ஒருநாள் சொன்னேன்.

"தூக்கம் இன்னா பஸ்ஸா, வர்றதுக்கு? உள்ள நிக்கிற காவக்காரன் இன்னும் வூட்டுக்குப் போகல. அவ்ளோதான்டி."

அவள் அப்பா தாவீது ஆம்பூரில் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி. வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டும் மிஷின் முன் நின்றபடியே கண் செருகி, ஒரு விரல் நுனி போயிற்று. அடுத்தது கை என்று ரெஜினா பயந்தாள். அவரை ஒரே ஷிப்டில் விடச் சொல்லி மேனேஜரிடம் போனாள். நானும் உடன் போனேன்.

"பகல்ல நல்லா தூங்கச் சொல்லும்மா. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. பேஜார்."

"சொல்லிட்டேன் சார். அவரு கேக்குறாரு. அவரு மூளை கேக்கல. வாராவாரம் நேரத்த மாத்தினா காவல் எப்பதான் இறங்கும்?"

மேனேஜர் சிரித்தார். "பெரிய டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. பாக்கலாம்."

அப்பாவின் ரத்தத்தை அவளே எடுத்தாள். இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் கார்டிசால் உச்சத்தில் நின்றது. டாக்டரான எங்கள் பேராசிரியரிடம் ஓடினோம்.

"அவருக்கு ஊசின்னா பயமா?" என்று மட்டும் கேட்டார்.

தாவீது அன்று காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தார். அந்த எண் சொன்னது ஷிப்டையா, பயத்தையா? பேராசிரியர் எழுதித் தர மறுத்தார். அவள் வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவர் சொல்றது சரிடி. நான் எங்கப்பாவ அளக்கல. ஊசியோட நின்ன என்னப் பாத்த எங்கப்பாவ அளந்துட்டேன்."

முறையை மாற்றினாள். மெல்லிய குழாயைக் கையில் பொருத்திவிட்டு, பயம் அடங்கும்வரை பேசிக்கொண்டிருப்பது. பிறகு அவர் கவனிக்காதபோது எடுப்பது. நாளும் குறித்தாள். அதற்குள் அவளையே வார்டில் சேர்த்தார்கள்.

"இப்ப அளந்தா எனக்குத்தான் ஜாஸ்தியா இருக்கும்" என்று கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அப்பாவுக்கு நீ எடு. கைய விட்றாத."

அடக்கம் முடிந்து சில நாளில் தாவீது ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். உட்கார்ந்தார். சட்டைக்கையை மடித்தார்.

"எடும்மா. பாப்பா சொல்லிட்டுப் போச்சு. நாளைலேர்ந்து மறுபடி நைட்டு."

ஊசியைக் கண்டும் அந்தக் கை நடுங்கவில்லை. அதுதான் என்னை நிறுத்தியது. இப்போது எடுத்தால் நான் அளப்பது ரெஜினாவின் சாவை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். எதை அளக்கிறோம் என்று நின்று கேட்பது.

ஊசியைத் தட்டில் வைத்தேன். அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டேன். எண் இல்லாமலே மேனேஜரைப் பார்க்க, அவரோடு ஆம்பூர் பஸ் ஏறினேன்.