ஐந்தாம் மதகு மட்டும்

முரசுமோட்டைக் கமலாசனி வென்றவை கொஞ்சமல்ல. ஐந்து வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோன பிறகும் பேச்சைக் கைவிடாமல் வைத்திருந்தாள். 2009இல் போர் துரத்த, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிய நாளில் மின்சாரம் அளக்கும் மல்டிமீற்றர் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக் காப்பாற்றினாள். “பொம்பிளைப் பிள்ளைக்கு ஸ்பீக்கர் வேலை, கண்டறியாத வேலை” என்ற ஊரிலேயே எரிந்துபோன ஸ்பீக்கர்கள் நூற்றுப் பதினெட்டுக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தாள். கடைசியாக வென்றதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி வாங்கில் இருத்தினார்கள். ஒரு தவணை முடிவதற்குள் நின்றுவிட்டாள். இலக்கங்கள் தெரியும், எழுத்து தெரியாது. கடதாசி எது வந்தாலும் ஒன்பதாம் வகுப்புவரை படித்த அக்கா விமலேஸ்வரி கையொப்பம் வைப்பாள். பக்கத்தில் இவள் கைநாட்டு வைப்பாள். நாற்பது வயதுவரை அப்படித்தான்.

வேலை செய்வது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில். ஆட்கள் பழுதான ஸ்பீக்கரை வைத்துவிட்டு, விரலால் இரண்டு நாள், மூன்று நாள் என்று காட்டிவிட்டுப் போவார்கள். அதற்குமேல் அவளோடு கதைக்க யாருக்கும் பொறுமையில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு அக்கா வந்து தோளில் தட்டும்வரை, ஒரு முகமும் அவளைப் பார்த்து வாய் அசைக்காத நாட்களே அதிகம்.

காது இல்லாதபடியால் அவள் ஸ்பீக்கரை விரலால் கேட்டாள். கூம்பின் நடுவில் விரல் நுனியை வைப்பாள். மெதுவாகப் பாடும்போது கூம்பு சீராக முன்னும் பின்னும் போய்வரும். சத்தத்தைக் கூட்டினால் அந்த அசைவுக்குள் வேறொரு நடுக்கம் சேரும். பாட்டில் இல்லாத நடுக்கம். ஸ்பீக்கர் தானாகச் சேர்ப்பது. மற்றவர்கள் கரகரப்பு என்று சொல்வது இதைத்தான் என்று அவளுக்கு விளங்கியது.

பழைய அலாரம் மணிக்கூட்டுக்குள் இருந்த மெல்லிய பித்தளைத் தகட்டைக் கழற்றிக் கூம்பில் ஒட்டினாள். அசைந்தால் அந்தத் தகடு சிறிது மின்சாரம் தரும். அம்பிளிபயர் அனுப்பியது ஒரு கோடாகவும், கூம்பு உண்மையில் அசைந்தது இன்னொரு கோடாகவும் பழைய லப்டொப்பின் திரையில் ஓடின. இரண்டும் எவ்வளவு விலகுகின்றனவோ அவ்வளவையும் அனுப்புவதிலிருந்து கழித்துவிட்டால் கூம்பு நேராக அசையும். கணக்கு அவ்வளவுதான். முதல் தடவை வயரை மாறிக் கொடுத்து, கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டாள். ஸ்பீக்கர் ஊளையிட்டது அவளுக்குத் தெரியாது. நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதையும், அயலவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வேலிக்கு வருவதையும் பார்த்த பிறகுதான் கருகிய மணம் மூக்கில் ஏறியது. ஏழு மாதத்துக்குப் பின், இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன.

அம்மன் கோயில் பத்து நாள் திருவிழாவுக்குத் தன் ஸ்பீக்கர்ப் பெட்டிதான் பாட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பிறருடைய ஸ்பீக்கரைத் திருத்திக் கொடுத்தவள், ஒரு தடவையாவது தன்னுடையதைக் கோயில் வீதியில் பார்க்க வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் அக்கா வெள்ளைப் பெயின்ற்றால் ‘கமலாசனி’ என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வேலை செய்யும்போதெல்லாம் அந்த ஐந்து எழுத்தும் அவள் கண்முன் நின்றன.

கோயிலில் பரிசோதனை நடந்தது. வழக்கமாகத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டும் யதுர்ஷன் முதலில் போட்டான். மண் அதிர்ந்தது. பிறகு கமலாசனியின் பெட்டி பாடியது. நிர்வாகசபைத் தலைவர் வீரகத்தி உதட்டைப் பிதுக்கினார்.

“பிள்ளை, சத்தம் காணாது. அவன்ர நெஞ்சில இடிக்குதெல்லோ!”

“அக்கா, பெட்டிக்குக் காலமைச் சாப்பாடு குடுக்கேல்லையோ?” என்றான் யதுர்ஷன். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குத் தெரிந்தது திறந்த வாய்களும் பற்களும்தான். ‘காணாது’ என்ற சொல்லை மட்டும் தலைவரின் உதட்டில் படித்துவிட்டாள்.

கரகரப்பும் சேர்ந்தால்தான் இங்கே சத்தம் என்று பெயர். அது கழிந்தால் பெட்டி மெலிந்துவிட்டதாகப் படும். இதை எப்படிச் சொல்வது? அக்காவின் கையைப் பிடித்தாள். “பேர்... தூரம்” என்றாள்.

விமலேஸ்வரிக்கு விளங்கியது. “உபயகாரற்ர பேரை ரெண்டு பெட்டியிலயும் வாசிக்கட்டாம், அண்ணை. நீங்கள் சைக்கிள்ல வாய்க்கால் கரையால போங்கோ. எந்த மதகு மட்டும் விளங்குதெண்டு பாப்பம்.”

“இந்த வெயிலுக்கையோ? நானோ?”

“முதலாம் உபயம் உங்கடதானே. பேர் விளங்காட்டி ஆருக்கு நட்டம்?”

திருவிழாவில் அன்றன்றைய செலவை ஏற்கும் உபயகாரர் பெயர், தகப்பன் பெயரோடு வயல் தாண்டிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த நாளே கோயிலில் சண்டை. வீரகத்தி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

செயலாளர் ஒவ்வொரு மதகுக்கும் இரண்டு பெட்டியிலும் மாறி மாறி வாசித்தார். தலைவர் கைபேசியில் சொன்னதைக் கேட்க எல்லோரும் செயலாளரைச் சுற்றி நின்றார்கள். கமலாசனி தன் பெட்டியில் உள்ளங்கையை வைத்தபடி தனியே நின்றாள். கைக்குக் கீழே பெயர்கள் நடுக்கமின்றி ஒவ்வொன்றாகக் கடந்து போயின. வயலுக்கு அப்பால் அவை என்னவாயின என்று அவளிடம் யாரும் திரும்பிச் சொல்லவில்லை. அக்காவும் அந்தக் கூட்டத்துக்குள் நின்றாள்.

பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. யதுர்ஷனின் பெட்டி மூன்றாம் மதகிலேயே வெறும் இரைச்சலாகிவிட்டது. ஐந்தாம் மதகில் நின்று தலைவர் கத்தியிருக்கிறார்: “என்ர பேரும் விளங்குது, அப்பற்ர பேரும் விளங்குது! பக்கத்தில நிண்டு வாசிக்கிற மாதிரிக் கிடக்கு!”

அப்போது அவள் கண்டதெல்லாம், கூட்டம் கலைவதும் ஆளுக்காள் கைகாட்டிப் பேசுவதும்தான். யதுர்ஷன் அவளருகில் வந்து குனிந்தான். பித்தளைத் தகட்டைப் பார்த்தபடி ஏதோ கேட்டான். முகம் கீழே இருந்ததால் உதடு தெரியவில்லை. மறுமொழி வராததால் எழும்பிப் போய்விட்டான்.

சிறிது நேரத்தில் மேசையில் ஒரு கடதாசி வந்தது. பத்து நாளைக்கான ஒப்பந்தம். அதைப் பார்த்துத்தான் தான் வென்றதை அவள் அறிந்தாள். வேர்த்து விறுவிறுத்து வந்திருந்த வீரகத்தி வழக்கம்போலப் பேனையை விமலேஸ்வரியிடம் நீட்டினார். மைப்பெட்டியைத் தங்கையின் பக்கம் தள்ளினார்.

கமலாசனி மைப்பெட்டியை மூடினாள். அக்காவின் கையிலிருந்த பேனையை வாங்கினாள். பெட்டியின் பின்புறத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பி சுற்றுகிற நிதானத்தோடு ஐந்து எழுத்தையும் எழுதி முடித்தாள். ‘லா’ மட்டும் கொஞ்சம் பெரிது.

அக்காவுக்கு எழுத மிஞ்சியது திகதி ஒன்றுதான். 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை.