எல் போர்டு மண்டி

கார் ஓட்டும் தேர்வில் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவனை எத்தனை தடவை திரும்ப வர விடலாம், அதற்கு ஓர் அளவு வேண்டாமா என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் மெதுவாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அப்படி ஓர் அளவு அறுபதுகளில் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில்தான் நின்றுகொண்டிருப்பேன். சட்டம் என்னை விட்டுவைத்தது. கடைத்தெரு விட்டுவைக்கவில்லை.

எங்களுக்கு அந்தக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. தொண்டூர், தளவானூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போய்க் காட்டிலேயே விலை பேசிவிட்டு வர ஒரு வண்டி இருந்தால் தேவலை என்று நைனா பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய கார் வாங்கி வந்தார். ரோட்டோரம் மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஓட்ட ஒரு டிரைவரை வைத்துக்கொண்டோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, நானும் பழகினேன். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் சீக்கிரமே கைக்கும் காலுக்கும் வந்துவிட்டன. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ்களில் இது ஒன்றுதான் உண்மையானது.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி பனமலைக்காரி. கார் வந்து நின்ற அன்று அதற்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டில் ஆளுக்கொரு ரவுண்டு போய் வந்தார்கள். அவள் மட்டும் வாசல்படியை விட்டு இறங்கவில்லை.

"நீங்க லைசென்ஸ் வாங்கிகினு வாங்க. அப்ப ஏர்றேன்" என்றாள்.

"டிரைவருக்குத்தான் லைசென்ஸ் இருக்குதே?"

"அவரு எனக்கு இன்னா ஒறவு? நீங்க ஓட்டினா ஏர்றேன். அதுவும் லைசென்ஸோட. மொதல்ல பனமலைக்குத்தான் போவணும்."

இதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அடுத்த மாதமே அவளை முன் சீட்டில் உட்காரவைத்து மாமனார் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவதாக டிரைவரிடமும் கூலிக்காரர்களிடமும் சொல்லிவைத்தேன்.

இன்ஸ்பெக்டர் மாதம் ஒருமுறை செஞ்சிக்கு முகாம் வருவார். பயணியர் விடுதி வளாகத்துப் புளியமரத்தடியில் மேஜை போட்டிருக்கும். முதலில் மேஜைக்கு முன்னால் நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறினால்தான் வண்டியைத் தொடலாம். படங்களைக் காட்டி இது வளைவு, இது பள்ளிக்கூடம் என்று கேட்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் கைச்சைகை கேட்பார். அங்கேதான் நான் குப்புற விழுவேன்.

அப்போது பாதி வண்டிகளுக்குப் பின்னால் விளக்கே எரியாது. ஜன்னலுக்கு வெளியே டிரைவர் நீட்டுகிற கைதான் பேசும். டிரைவர் உட்காருவது வலது பக்கம் என்பதால் சைகை எல்லாமே வலது கையால்தான். வலது பக்கம் திரும்பக் கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையை இடஞ்சுழியாக வட்டம் சுற்ற வேண்டும். பின்னால் வருகிறவனை முந்திப் போகச் சொல்ல, கையை முன்னுக்கும் பின்னுக்குமாக வீச வேண்டும். சுற்றுவது வேறு, வீசுவது வேறு.

நானோ பிறவியிலேயே பீச்சாங்கைக்காரன். வியாபாரி வீட்டில் அது லேசுப்பட்ட விஷயமில்லை. இடது கையால் சரக்கு கொடுத்தால் போணி விளங்காது என்று, இடது கை நீளும்போதெல்லாம் அதன்மேல் ஒரு தட்டு தட்டி நைனா என்னைச் சோத்தாங்கைக்கு மாற்றினார். கை மாறியது, புத்தி மாறவில்லை. என் வலது கை எனக்குக் கூலிக்கு வைத்த ஆள் மாதிரி. சொன்னதைச் செய்யும், ஆனால் அரை மனதாகத்தான் செய்யும்.

முதல் தடவை இன்ஸ்பெக்டர், "இடது பக்கம் திரும்பணும். கையக் காட்டு" என்றார். இடது என்றதும் அத்தனை வருஷம் அடக்கிவைத்த இடது கை துள்ளிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேரே நின்றது.

"யோவ், எனக்கே பீச்சாங்கைய நீட்றியா? இது காருக்குள்ள பக்கத்துல ஒக்காந்திருக்கிறவன் மூக்குலதான் படும். போயிட்டு அடுத்த மாசம் வா."

அடுத்த மாதம் ஞாபகமாக வலது கையை நீட்டினேன். சுற்ற மறந்துவிட்டேன். அதற்கடுத்த மாதம் சுற்றத்தான் சுற்றினேன், ஆனால் அந்தக் கூலிக்காரக் கை துவண்டு, யாரையோ வழியனுப்புவது மாதிரி ஆடியது. "இன்னாய்யா, என்ன முந்திப் போவச் சொல்றியா?" என்று கேட்டார். ஒருமுறை வேர்த்து விறுவிறுத்துப்போய், "வாயால சொல்லிடட்டுமா சார்?" என்றேன்.

"பின்னால லாரி வருது. அவங்கிட்டயும் வாயாலதான் சொல்லுவியா?"

மழைக்காலம் போய் அறுவடை வந்து மறுபடி விதைப்பும் வந்தது. காரின் முன்னும் பின்னும் எழுதியிருந்த சிவப்பு 'எல்' வெளுத்துப்போய், புதிதாகப் பெயிண்ட் அடித்தோம். ஊர் சும்மா இருக்குமா? மூட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரர்கள், "எல் போர்டு மண்டி எங்க இருக்குது?" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஒங்க தாத்தா பேருல நடந்த மண்டிடா. இப்ப எல் போர்டு மண்டியாம். நல்லா பேரு வாங்கிக் குடுத்த!"

ஒவ்வொரு மாதமும் நான் திரும்பி வருகிற வேளைக்குச் சரியாக, எதிர்ச்சாரி வெல்லக் கடைக்காரரும் பக்கத்து ஜவுளிக் கடைக்காரரும் எங்கள் மண்டிக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே விவாதம் தொடங்கிவிடும்.

"மூணு தரம் தோத்தா அப்பறம் வரக் கூடாதுன்னு கவர்மெண்ட்டு ஒரு ரூல் போடணும்பா. கோயில்ல பொங்கல் குடுக்கறவனே ரெண்டாந்தரம் கை நீட்டினா தொரத்தறான்" என்பார் வெல்லக் கடைக்காரர்.

"எஸ்.எஸ்.எல்.சி. எத்தினி தரம் வேணும்னாலும் எழுதலாம். இவன் மட்டும் இன்னா பாவம் பண்ணான்?" என்பார் ஜவுளிக் கடைக்காரர்.

"எஸ்.எஸ்.எல்.சி. பெயிலானவன் ஆரு மேலயும் வண்டிய ஏத்த மாட்டான்."

நான் மூட்டைகளை எண்ணுகிற பாவனையில் ஜவுளிக் கடைக்காரர் பக்கம் நின்றுகொள்வேன். தீபாவளிக்கு அவர் கடையில்தான் துணி எடுத்தேன்.

இதையெல்லாம்விட வலித்தது பஸ் ஸ்டாண்ட். பனமலையில் ஒரு விசேஷம் என்றால், துடைத்துப் பளபளவென்று வாசலில் நிற்கிற காரைத் தாண்டி அவளை பஸ் ஏற்றிவிடப் போவேன். கண்டக்டர் உரக்க, "கார்க்காரம்மா வர்றாங்க, எடம் வுடுங்க!" என்பான். பஸ்ஸே சிரிக்கும். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். "அடுத்த மாசம் நல்லா காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொள்வாள்.

கடைசியில் ஒரு கோடை மாதம் அது நடந்தது. நல்ல வெயில், நல்ல கூட்டம். வரிசையில் என் தலையைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இடது பக்கம் கேட்டார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது சுத்தறதா, வீசறதா?"

"சுத்தறேன் சார்."

"நீ சொல்றதால நம்பறேன். ஒன்ன இன்னும் எத்தினி மாசம்யா பார்ப்பேன்?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். ஓட்டிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று கடைத்தெருவில் வெல்லக் கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவள் அதை வாங்கி சாமி படத்தடியில் வைத்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா கேட்டாரு?"

"இடது பக்கந்தான்."

"இன்னா காட்னீங்க? எனக்கும் காட்டுங்க."

வலது கையை நீட்டிப் பெருமையாக ஆட்டிக் காட்டினேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"எங்க அண்ணன் கால எடுத்த லாரிக்காரனும் இப்பிடித்தாங்க ஆட்னானாம்" என்றாள்.

அவளுடைய அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. லாரியில் அடிபட்டது என்று தெரியும். எப்படி என்று கேட்டதில்லை. புது மாப்பிள்ளை கேட்கிற கேள்வி இல்லை அது என்று விட்டுவிட்டேன். அன்று அவளே சொன்னாள். கல்யாணத்துக்குச் சில வருஷம் முன்னால், அவர் சைக்கிளில் புல்லுக்கட்டோடு ஒரு லாரிக்குப் பின்னால் போயிருக்கிறார். லாரி வேகம் குறைந்து, டிரைவர் கை வெளியே ஆடியிருக்கிறது. முந்திப் போகச் சொல்கிறான் என்று நினைத்து இவர் இடது பக்கமாக மிதித்திருக்கிறார். லாரியும் இடது பக்கம் திரும்பியிருக்கிறது.

"அவனுக்கும் லைசென்ஸ் இருந்துதுங்க" என்றாள். "அவனையும் எவனோ சலிச்சுப்போயி பாஸ் போட்டிருப்பான்."

கொஞ்சல் என்று நினைத்து நான் மிதந்துகொண்டிருந்த இத்தனை மாதமும் அவள் ஒரு பயத்தை வைத்துக்கொண்டு என்னை முகாமுக்கு வழியனுப்பியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது லைசென்ஸ் அல்ல, என் கை சரியாகச் சுற்றுவது. வெட்கமாக இருந்தது. அவளைக் காரில் ஏறச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

மறுநாளிலிருந்து மண்டி வாசலில் நிற்கிற காரில் உட்கார்ந்து கையைச் சுற்ற ஆரம்பித்தேன். கூலிக்காரர்கள் முதலில் பயந்தார்கள். அப்புறம் ஒருவன், "சின்ன மொதலாளி காருக்குத் திருஷ்டி சுத்திப் போடறாரு" என்றான். சட்டென்று எனக்குப் பிடிபட்டது. சாயங்காலம் மண்டியில் கற்பூரம் ஏற்றிச் சுற்றுவது எப்போதும் நான்தான், அதுவும் வலது கையால்தான். அந்தத் துவண்ட கை கற்பூரத் தட்டு என்றால் மட்டும் ஒழுங்காக வட்டம் போடும். எரிகிற கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் வீச மாட்டார்கள் அல்லவா? திசையை மட்டும் மாற்றிக்கொண்டு, இல்லாத தட்டு ஒன்றை ஜன்னலுக்கு வெளியே நாளெல்லாம் சுற்றினேன். காருக்கு இத்தனை தீபாராதனை பார்த்த ஊர் வேறு இருக்காது.

அடுத்த மாத முகாமில் மறுபடி வரிசையில் நின்றேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஒனக்குத்தான் குடுத்தாச்சேய்யா?"

"இன்னொரு தரம் கேளுங்க சார்."

"பாஸானவனுக்கு டெஸ்ட் வைக்க ரூல் இல்ல."

"வைக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குதா சார்?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். வெயிலில் எனக்கு மண்டை குழம்பிவிட்டது என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. காரணத்தைச் சொன்னேன், மச்சானின் காலையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுந்து, என்னைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, வளாகத்தின் மறுகோடிவரை நடந்துபோய்த் திரும்பி நின்றார்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயா காட்டு. எனக்குப் புரியுதான்னு பாக்கறேன்" என்று கத்தினார்.

காட்டினேன். அங்கிருந்தே அவர் குரல் வந்தது. "நிறுத்தறே! வலது! இடது!" கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி, "இடதுதான்!" என்றார். திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்ததும், எனக்கு முன்னால் தேறிப் போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, காரில் ஏறி அதே மாதிரி கையைக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே பனமலை ஏரி தெரிகிறவரை வந்தாள்.

ஊருக்குள் போக ஏரிக்கரையிலிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் மச்சான் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துக் கையை வெளியே நீட்டி, கற்பூரத் தட்டை நினைத்துச் சுற்றினேன். அவர் பாட்டுக்கு ரோட்டின் நடுவிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோய்ப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். அவளும் தன் பக்கத்து ஜன்னல் வழியே இடது கையை முழுசாக வெளியே நீட்டியிருந்தாள், தங்க வளையல்களோடு.

மச்சான் கட்டையைத் தட்டிக்கொண்டு காருக்குக் கிட்டே வந்து, குனிந்து எங்கள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கைய நீட்டினா, இருக்கிற ஒத்தக் கால வெச்சிகினு நான் எந்தப் பக்கம் மாப்ள ஓடறது?"

அவள் கையை உள்ளே இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.