பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் இரட்டைப்பிடிக் கத்தி

பொன்னுலிங்கம் அண்ணாச்சி போய்விட்டார்.

இன்று காலை, ஏரலில் மகன் வீட்டில். பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு வரியை மூன்று தடவை படித்தேன்.

தூத்துக்குடியில் பழைய ஆட்களுக்குத்தான் அவரைத் தெரியும். எழுபதுகளில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கத்திப் பட்டறை வைத்திருந்தவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் எங்களைப் போன்ற தோணிக்காரர்கள் இடுப்பில் இருந்த கத்திகளில் பாதி அவர் அடித்ததுதான்.

கத்தியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். பலகை மேல் வைப்பார், நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "கையில குடுத்தா சண்டை வரும்லே, எடுத்துக்கோ" என்பார். அவரோடு சண்டை போட்ட ஒருத்தரைக்கூட நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

மணிலா கப்பல்காரன் ஒருத்தன் சாணை பிடிக்கக் கொண்டுவந்ததைப் பார்த்துத்தான் இரட்டைப்பிடிக் கத்தி செய்ய ஆரம்பித்தார். இப்போது யூடியூபில் பிள்ளைகள் பட்டர்ஃப்ளை கத்தி என்று சுழற்றுகிறார்களே, அதேதான். இரண்டு பிடிக்கு நடுவில் அலகு ஒளிந்திருக்கும். ஒரே கையால் வீசித் திறக்கலாம்.

எந்தப் பிடியைப் பிடிக்க வேண்டுமோ அதில் பித்தளையில் ஒரு பொட்டு வைத்திருப்பார். மற்றதைப் பிடித்து வீசினால் அலகு நம் விரலில்தான் வந்து விழும்.

நான் மற்றதைப் பிடித்தேன்.

இனி எழுதப்போவது என் வீட்டுக்காரிக்கே தெரியாது...

மாதா கோயில் கொடியேற்றத்தன்று நடந்தது. ரோஸ்லினை எனக்குப் பேசி முடித்திருந்த நேரம். பெரியதாழையிலிருந்து அவள் அண்ணன்மார் இரண்டு பேரும் மாப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார்கள். சும்மா நின்றிருக்கலாம். வருங்கால மச்சான்மார் முன்னால் ஸ்டைலாகக் கத்தியை வீசிக் காட்டினேன். வலது கையில் இரண்டு விரலுக்கு நரம்பு அறுந்துவிட்டது.

தோணிக்காரனுக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை என்றால் எவன் பெண் கொடுப்பான்? ரத்தம் சொட்டச் சொட்ட என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஆணி கழண்டுட்டு!"

அலகையும் பிடியையும் சேர்க்கிற ஆணி. அண்ணாச்சி தன் கையால் அடித்த ஆணி.

அம்மா அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தாள். அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "என் தப்புதாம்மா" என்று மட்டும் சொன்னாராம். அன்றோடு இரட்டைப்பிடிக் கத்தி செய்வதையே நிறுத்திவிட்டார்.

தோணிக்காரர்கள் விடுவார்களா? ஏழெட்டுப் பேர் பட்டறைக்குப் போனோம். ஆமாம், கட்டுப் போட்ட கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் தோணியை ஓட்டும் தண்டல்தான் பேசினார். "அண்ணாச்சி, காத்து அடிக்கும்போது ஒரு கை பாய்க்கயித்துல கெடக்கு. மறு கையால சாதா மடக்குக் கத்தியத் தெறக்க முடியுமா? பல்லால கடிச்சா தெறக்கச் சொல்லுதீய? பழையபடி அதச் செய்யுங்க."

"ஆணி சரியில்லாத கத்திய நான் எப்படி ஒங்களுக்குக் குடுப்பேன்?"

"ஒரு கத்தி தப்பாப் போச்சுன்னா எல்லாத்தையும் நிறுத்திருவியளா?"

அண்ணாச்சி துருத்தியை ஊதப் போய்விட்டார். என் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமே. கோயிலில் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "இத எங்கிட்டச் சொல்லி என்னப்பா பிரயோஜனம்? அந்த மனுசங்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். உச்சி வெயில். அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து தூக்குவாளியில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி... ஆணி கழலல. நான்தான் பிடிய மாத்திப் பிடிச்சிட்டேன்."

"தெரியும்லே."

தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"ரத்தம் எந்தப் பிடியில இருந்துதுன்னு பாத்தேன். பொட்டு இல்லாத பிடி. ஆணி சும்மா கல்லு மாதிரி நிக்கி."

"பெறகு ஏன் அண்ணாச்சி நிறுத்துனிய?"

"நான் அப்படியே செய்துக்கிட்டு இருந்தா, ஆணியில தப்பில்லன்னு ஆயிருமே. அந்தப் பெரியதாழைப் பயலுவ ரெண்டு பேரும் ஒன்னய என்ன நெனைப்பானுவ? கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன். போலே, போய் மாப்பிள்ளையா நில்லு."

அழுதுவிட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம்... நன்றாகவே அழுதேன்.

என் கத்தியைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். பலகை மேல் வைத்தார், பொட்டு வைத்த பிடி என் பக்கம்.

கல்யாணம் முடிந்த மறுவாரமே இரட்டைப்பிடிக் கத்தி திரும்பவும் வந்துவிட்டது. "ஆணிய மாத்திட்டேன், இனி பயமில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மாற்றியதெல்லாம் ஒன்றும் இல்லை. அதே ஆணிதான்.

எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று போய் நின்றேன். "நான் இருக்குற வரைக்கும் வாயத் தொறக்காத. எல்லாரையும் ஆணி மாத்துனேன்னு ஏமாத்தி வச்சிருக்கேன், என் மானத்த வாங்கிராதலே" என்று சிரித்தார்.

அடுத்த வருடம் கொழும்புப் பாதையில் கயிறு என் காலைச் சுற்றி இழுத்தது. ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு இடது கையால் அந்தக் கத்தியை வீசித் திறந்தேன். பொட்டு வைத்த பிடியைப் பிடித்துத்தான். இன்றைக்கும் இரண்டு காலில் நடக்கிறேன்.

பெரியதாழை மச்சான்மாரே, நீங்கள் இரண்டு பேரும் இந்த ஃபேஸ்புக் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளுங்கள்.

ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருக்கிறாள். இதைப் போஸ்ட் செய்ததும் போனை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். பிறகு ஏரலுக்குக் கிளம்ப வேண்டும்.

கத்தி மேசை மேல் இருக்கிறது. இப்போதுதான் ஆட்டிப் பார்த்தேன்.

அண்ணாச்சி... உங்கள் ஆணி அன்றைக்கும் கழலவில்லை, இன்றைக்கும் ஆடவில்லை.

போய் வாருங்கள்.