அண்ணன் கைக்கு வச்ச ஹேண்டில்பார்

மாரியண்ணே, நீ காமாலையில செத்துப் போனதுல இருந்து உன் வண்டி வீட்டுல சும்மா நிக்கி. நீ மலையெல்லாம் சுத்திட்டு வந்த பெரிய மோட்டார் பைக்கு. இனி நான்தான் அதுல ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லுக்கு வேலைக்குப் போகணும். உன் நீளக் கைக்கு வச்ச ஹேண்டில்பார் எனக்கு எட்டல. இன்னைக்கு அதை என் பக்கமாச் சாய்க்க உக்காந்தேன்.

"ஏட்டி, எம்புள்ள கை வச்ச எடம். அப்படியே கெடக்கட்டும்"னு அம்மா அழுதுச்சு.

போல்ட்டு கிறீச்சுன்னு லூசாச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு நாம முன்னால இருந்த சோழபுரத்து வீடு ஞாபகத்துக்கு வந்துருச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சைக்கிள். நான் பள்ளிக்கூடம் போன அம்புட்டு நாளும் ஹேண்டிலை என் உசரத்துக்கு இறக்கியே வச்சிருந்த. பொறவு அதையே நீயும் முழங்கால் இடிக்க இடிக்க வேலைக்கு ஓட்டிட்டுப் போவ. "ஏலே, சர்க்கஸ் கரடி வருது பாரு"ன்னு டீக்கடையில சிரிப்பாவ.

"ஒனக்கு ஏத்திக்கிட்டா என்னலே, எம்புட்டு நேரம் ஆகும்?"னு அப்பா கேட்டாரு.

"தெனம் ஏத்தி எறக்குனா போல்ட்டு மரை தேஞ்சு பிடிக்காமப் போயிரும்ப்பா. பாப்பா ஓட்டயில ஹேண்டில் திரும்பிக்கிட்டா விழுந்துருவா"ன்னு சொன்ன.

இதை அம்மாகிட்டச் சொன்னேன். அது எந்திரிச்சு வந்து, முன்சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல அசையாமப் பிடிச்சுக்கிருச்சு. "நல்லா இறுக்குடி"ன்னு சொல்லுச்சு. நான் இறுக்குனேன்.

எங்க மாரியண்ணனுக்காக எல்லாரும் சாமிகிட்ட ஒரு வார்த்தை வேண்டிக்கிடுங்க.